ஈரக்கழிவு

முதல் பெனால்ட்டியை யோகேந்திரன் கம்பத்தில் அடித்தான்.
எங்களுக்கு அது சத்தமாகத்தான் வந்தது.
கோத்தகிரி மைதானத்தில் அந்நேரம்
கம்பம் தெரியவில்லை, கோலி தெரியவில்லை,
வெள்ளையாக ஏதோ ஒன்று மேட்டிலிருந்து இறங்கி
பாதி ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தது.
டங்.
பிறகு எங்கள் நால்வரும் போட்டார்கள்.
கட்டபெட்டுக்காரர்கள் ஐந்து பேரும் போட்டார்கள்.

திங்களிலிருந்து டிவிஷனில் அவனுக்கு வேறு பெயர்.
டீக்கடையில், "கம்பம், சக்கரை தூக்கலா?"
அவன் அம்மா கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டும்போது
பின்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

எடை எழுதுகிறவள் நான்.
ஃபேக்டரி ஆபீஸில் எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்,
டிராயரில் ஒரு நோட்டு:
நாலு வருஷமாக எங்கள் பையன்கள் அடித்த பெனால்ட்டிகள்,
தேதியோடு. யாரும் எழுதச் சொன்னதில்லை.
அந்த ஞாயிறு வரைக்கும்
யோகேந்திரன் இருபதுக்குப் பதினாறு.
எங்களில் அதுதான் அதிகம்.

சனி சாயங்காலம், உலர்த்தி அணைந்த பிறகு உட்கார்ந்தேன்.
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
ஏதாவது ஒரு எண் கொடு என்றால் கொடுக்கும் மெஷின்;
யார் பெற்ற பிள்ளை என்று கேட்காது.
புள்ளி எட்டுக்குக் கீழே விழுந்தால் யோகேந்திரன் கோல்.
மேலே போனால் கம்பம்.
மற்றவர்களுக்கு அவரவர் கணக்கு.
கட்டபெட்டைப் பற்றித் தெரியாது, ஆளுக்கு முக்கால் போட்டேன்.
பத்தாயிரம் வரிசை இழுத்துவிட்டேன்:
பத்தாயிரம் ஞாயிற்றுக்கிழமைகள்,
ஒன்றில்கூட மூடுபனி இல்லை.

மேட்டில் ஏறும் கொழுந்து லாரி மாதிரி முக்கிவிட்டுச் சொன்னது:
4,176 முறை நாங்கள் ஜெயித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம்.
யோகேந்திரன் தவறவிட்டும் ஜெயித்தது எத்தனை என்று கேட்டேன்.
431.

நானூற்று முப்பத்தொரு ஞாயிறுகளில்
அதே டங்,
அதே கம்பம்,
வேறெவனோ வெளியே அடித்திருக்கிறான்.
லாரியில் தகரம் தட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.
கம்பம் யாருக்கும் ஞாபகமில்லை.

சாவி வாங்க வந்தவனிடம் சொன்னேன்.
ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றான்.
"அதுல ஒன்னக் காட்டுங்கக்கா."

தேடினேன். 7,218-ஆம் வரிசை.
திரையில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டுகிறவன் மாதிரி படித்தான்.
"என்னோடது கம்பம்?"
"கம்பம்."
"டெரன்ஸ் போட்டுட்டானா?"
"நாலு பேரும் போட்டாங்க. அவனுங்கள்ல ரெண்டு பேர் விட்டுட்டானுங்க."
"நாலுக்கு மூணு."
"நாலுக்கு மூணு."
கொஞ்ச நேரம் அந்த மைதானத்திலேயே இருந்தான்.
"எம் பேரப் போட்டு வைங்க, அழியாம."

பக்கத்துக் கட்டத்தில் யோகேந்திரன் என்று அடித்து
என்டர் தட்டினேன்.

மறந்துவிட்டேன்.
எந்தக் கட்டத்தைத் தொட்டாலும்
எல்லாக் கட்டத்துக்கும் புதிதாகச் சீட்டு எடுக்கும் அது.
பத்தாயிரம் ஞாயிறும் ஒரே உதறலில் கலைந்தன.
வெற்றிகள் 4,203; இருபத்தேழு கூடியிருந்தது.
7,218-இல் அவன் பெயர் மட்டும் நின்றது.
அந்த வரிசையில் இப்போது
அவன் கோல் போட்டிருந்தான்,
நாங்கள் தோற்றிருந்தோம்.

"போட்டுட்டேன் போல," என்றான்.
சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

நோட்டில் இருபத்தொன்றுக்குப் பதினாறு என்று திருத்தினேன்.
மூடுபனிக்கு என்னிடம் கட்டம் இல்லை.

மறுநாள் கொழுந்து சொட்டச் சொட்ட வந்தது.
அவன் அம்மா சாக்கை மாட்டிவிட்டு நகரவில்லை.
"ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிற?"
"பத்துக்கு ஒன்னு. எப்பவும் அதான."
"அன்னிக்கு அவனுக்கு யாரும் கழிக்கல."

முள் ஆடி முப்பத்து நாலில் நின்றது.
முப்பத்தொன்று என்று எழுதினேன்.